சுவர் சாக்கெட் முதல் ஒலிபெருக்கி வரை: சுவிட்சும் அடாப்டரும் இசையைத் தொடும் இடங்கள்

செகந்திராபாத்துக்கு வடக்கே உள்ள போலாரம், நிஜாம் அரசின் செலவில் ஆங்கிலேய அதிகாரிகள் நடத்திய ஹைதராபாத் கான்டின்ஜென்ட் படையின் முகாமாக 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்த ஊர். இன்று குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமாக விளங்கும் ராஷ்டிரபதி நிலையம் 1860இல் கட்டப்பட்டதும் இங்கேதான். பழைய பங்களாக்களும், பிற்காலத்துத் தனிவீடுகளும், அண்மையில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளும் அடுத்தடுத்து நிற்கும் இத்தகைய கன்டோன்மென்ட் ஊர்களில் மின்கம்பி இழுத்த விதமும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுபடுகிறது. மரச்சட்டத்தின்மேல் இரண்டே கம்பிகள் ஓடிய காலத்தின் இரண்டு துளை சாக்கெட், பேக்கலைட் சுவிட்ச், சுவருக்குள் குழாய் பதித்து மூன்று கம்பிகள் இழுத்த புதிய வயரிங், அதில் செருகிய மல்டி பிளக், அதன்மேல் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என எல்லாமே ஒரே வீட்டில்கூடக் காணக் கிடைக்கின்றன. இந்தச் சங்கிலியின் கடைசியில் ஆம்பிளிஃபயரும் ஒலிபெருக்கிகளும் அமரும்போது, இடையிலுள்ள சுவிட்சுகளும் அடாப்டர்களும் இசையின் தரத்தைக் குறைக்கின்றனவா என்னும் கேள்வி எழுவது இயல்பு. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாது. அந்தச் சுவிட்ச் சங்கிலியின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

வீட்டு ஒலியமைப்பில் இரண்டு வேறுபட்ட மின்னோட்டங்கள் ஓடுகின்றன. ஒன்று சுவரிலிருந்து வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். இது கருவிகளை இயக்கும் ஆற்றலை மட்டுமே தருகிறது, இதில் இசை எதுவும் இல்லை. மற்றொன்று, பாட்டை மின்னழுத்த ஏற்ற இறக்கங்களாகச் சுமந்துகொண்டு ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கும், கடைசியில் ஒலிபெருக்கிக்கும் செல்லும் சமிக்ஞை. முதலாவதை மின்வழி என்றும் இரண்டாவதை இசைவழி என்றும் அழைத்தால், மின்வழியில் உள்ள நல்ல சுவிட்சும் நல்ல அடாப்டரும் ஒலியில் கேட்கத்தக்க மாற்றம் எதையும் செய்வதில்லை என்பதையும், இசைவழியில் உள்ள சிறிய இணைப்பி ஒன்றே பாட்டின் உருவத்தை மாற்றிவிடக் கூடும் என்பதையும், இவ்விரண்டு வழிகளும் எர்த் கம்பியில் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தொல்லைகள் பிறக்கின்றன என்பதையும் ஒவ்வொன்றாகக் காணலாம்.

மின்வழியில் வரும் மாறுமின்னோட்டம் ஆம்பிளிஃபயருக்குள் நுழைந்ததும் முதலில் மின்மாற்றியால் தாழ்த்தப்படுகிறது. பின்னர் டயோடுகளால் ஒரே திசைக்குத் திருப்பப்பட்டு, பெரிய மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. இசையைப் பெருக்கும் டிரான்சிஸ்டர்கள் தமக்கு வேண்டிய மின்னோட்டத்தை இந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடியிலுள்ள தொட்டி நிறைந்திருக்கும் வரை வீட்டுக்குழாயில் நீர் சீராக விழுவதைப்போல, சுவரிலிருந்து விநாடிக்கு 100 முறை சில மில்லி விநாடிகள் மட்டுமே பாய்ந்து நிரப்பும் மின்னோட்டத்தை மின்தேக்கிகள் சீரான நேர்மின்னோட்டமாக்கித் தருகின்றன. அப்படியும் எஞ்சும் சிறு அலையசைவை ஆம்பிளிஃபயரின் சுற்றமைப்பே ஒதுக்கித் தள்ளுகிறது. நல்ல ஒலிச் சில்லுகள் தாழ்ந்த அதிர்வெண்களில் தம் மின்வழங்கலிலுள்ள அசைவை 80 டெசிபலுக்கும் மேலாக, அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழாக அடக்கிவிடும் திறன் கொண்டவை.

இப்போது சுவிட்சையும் அடாப்டரையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம். மின்பலகையிலிருந்து கூடம் வரை 20 மீட்டர் நீளத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி செல்வதாகக் கொண்டால், போக வர 40 மீட்டருக்கு அதன் மின்தடை ஏறக்குறைய அரை ஓம். நல்ல நிலையிலுள்ள சுவிட்ச், சாக்கெட், அடாப்டர் ஆகியவற்றின் தொடுமுனைகள் எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஓம் மின்தடை தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அது சுவருக்குள் ஏற்கனவே புதைந்திருக்கும் கம்பியின் மின்தடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆம்பிளிஃபயர் 1 ஆம்பியர் இழுக்கும்போது அந்த 50 மில்லி ஓமில் இழக்கப்படுவது 0.05 வோல்ட், அதாவது 230 வோல்ட்டில் நூற்றுக்கு 0.02 பங்கு. மின்தேக்கிகளை நிரப்பும் மின்னோட்டம் குறுகிய துடிப்புகளாகப் பாய்வதால் உச்சத்தில் அது 5 ஆம்பியரை எட்டினாலும், இழப்பு கால் வோல்ட்தான். இதற்கு மாறாக, தாழ்அழுத்த இணைப்புகளில் மின்னழுத்தம் 6 விழுக்காடு ஏறவோ இறங்கவோ செய்யலாம் என்று இந்திய மின்சார விதிகள் இடமளித்து வந்துள்ளன. அதன்படி 216 வோல்ட்டும் 244 வோல்ட்டும் ஒழுங்கான வழங்கலுக்குள் அடங்குபவையே. பக்கத்து வீட்டில் குளிர்சாதனம் இயங்கத் தொடங்கும்போது ஏற்படும் மின்னழுத்த இறக்கம், விலையுயர்ந்த அடாப்டர் ஒன்றை மாற்றிக் கிடைக்கும் எந்த முன்னேற்றத்தையும்விடப் பலமடங்கு பெரியது. அந்த 6 விழுக்காட்டு இறக்கமும்கூட, ஆம்பிளிஃபயர் உடைந்த ஒலி எழுப்பாமல் எட்டக்கூடிய உச்ச வரம்பை அரை டெசிபல் அளவுக்குக் குறைப்பதோடு நின்றுவிடுகிறது. மிதமான ஒலியளவில் கேட்பவருக்கு அது எட்டவே போவதில்லை. ஜப்பானில் இசை ஆர்வலர்கள் சிலர் தம் வீட்டுக்கென்றே தனி மின்கம்பமும் மின்மாற்றியும் நட்டுக்கொள்ளும் அளவுக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களுடைய ஈடுபாடு மதிக்கத்தக்கது என்றாலும், மேற்கண்ட கணக்கு அந்தச் செலவை ஆதரிக்கவில்லை.

அப்படியானால் சுவிட்சுக்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டு என்னும் நம்பிக்கை இத்தனை ஆழமாக வேரூன்றியது எப்படி? வானொலிக் காலத்தில் அது முழு உண்மையாக இருந்தது என்பதே அதன் காரணம். மின்விசிறி மோட்டார், குளிர்பதனப் பெட்டியின் கம்ப்ரசர், டியூப்லைட்டின் சோக் போன்ற சுருள்கம்பி கொண்ட கருவிகளில் மின்னோட்டத்தின் ஆற்றல் காந்தப்புலமாகவும் சேமிக்கப்படுகிறது. சுவிட்சை அணைக்கும் கணத்தில் அந்த ஆற்றல் போக வழியின்றித் தொடுமுனைகளுக்கு இடையே பொறியாகத் தாவுகிறது. 1887இல் ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியதே இத்தகைய பொறியைக் கொண்டுதான் என்பதால், வீட்டுச் சுவிட்ச் ஒவ்வொன்றும் அணையும் நொடியில் ஒரு சிறு அலைபரப்பியாகவே மாறுகிறது எனலாம். மத்திய அலை வானொலியில் பாட்டு அலையின் வீச்சில் ஏற்றப்படுவதால், பொறியின் திடீர் வீச்சும் பாட்டோடு பாட்டாகப் பெறுவியில் புகுந்து சடசடவென்று ஒலித்தது. பண்பலை ஒலிபரப்பில் பாட்டு அதிர்வெண்ணின் மாற்றத்தில் ஏற்றப்படுகிறது; குறுவட்டும் இணையமும் பாட்டை எண்களாகவே சுமக்கின்றன; ஆகவே அந்த நேரடி வாயில் பெருமளவு அடைபட்டுவிட்டது. இன்றும் விசிறியை அணைக்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு சொடக்கு கேட்டால், அது பெரும்பாலும் காப்பில்லாத சமிக்ஞைக் கம்பி பொறியின் அலையை வாங்கிக்கொள்வதன் விளைவு. சுவிட்சின் குறுக்கே சிறு மின்தேக்கியும் மின்தடையும் கொண்ட பொறியடக்கியைப் பொருத்தினாலோ, கம்பியை மாற்றினாலோ அந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

இதே வகையில் கவனிக்கத்தக்கது மின்விசிறி ரெகுலேட்டர். டிரையாக் என்னும் மின்னணு வாயிலைக் கொண்டு வேகத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் வகை, மின்னலையை விநாடிக்கு 100 முறை நடுவில் வெட்டித் திறப்பதால் கூர்மையான இரைச்சலை மின்கம்பிகளிலேயே ஏற்றிவிடுகிறது. மின்தேக்கிகளைக் கொண்டு படிப்படியாக வேகத்தை மாற்றும் வகை இவ்வாறு வெட்டுவதில்லை. இசை கேட்கும் அறைக்குப் பின்னது ஏற்றது.

மின்வழியில் உண்மையான கவலைக்குரியது தளர்ந்த தொடுமுனை. இந்தியாவில் வழங்கும் உருண்டை முனை பிளக், 1934இல் பிரிட்டனில் வெளியான ஒரு தரநிர்ணயத்தின் வழிவந்தது. பிரிட்டன் 1947இல் தட்டை முனைகளும் உள்ளே ஃபியூஸும் கொண்ட புதிய வடிவத்துக்கு மாறிய பிறகும், இந்தியா உருண்டை முனையையே தன் ஐ.எஸ். 1293 தரத்தில் தொடர்ந்து கைக்கொண்டது. 6 ஆம்பியர் பிளக்கின் இரு முனைகளும் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை. ஐரோப்பாவிலிருந்து வரும் சிறு கருவிகளின் இருமுனை பிளக்கோ 4 மில்லிமீட்டர் தடிமன்தான். இரு முனைகளுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் அது இந்திய சாக்கெட்டுக்குள் எளிதாக நுழைந்துவிடும், ஆனால் இறுகப் பிடிபடாமல் தொய்ந்து தொங்கும். எந்த நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் பல்துளை அடாப்டர்களில் இந்தத் தொய்வு இன்னும் மோசம், ஏனெனில் எல்லா வடிவங்களையும் ஏற்கும்படி வளைக்கப்பட்ட மெல்லிய பித்தளைத் தகடு எந்த வடிவத்தையும் சரியாகக் கவ்வுவதில்லை. தொய்ந்த முனையில் மின்தடை மில்லி ஓம்களிலிருந்து 1 ஓம் வரை ஏறிவிட்டதாகக் கொண்டால், 1,000 வாட் இஸ்திரிப்பெட்டி இழுக்கும் 4 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தில் அந்த ஒரே புள்ளியில் 16 வாட்டுக்கும் மேலான வெப்பம் பிறக்கும்; பிளாஸ்டிக்கை உருக்கிக் கருக்க அது போதும். ஆம்பிளிஃபயர் செருகிய அதே பெட்டியில் இஸ்திரிப்பெட்டியையும் செருகும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருப்பதால், இதை ஒலித்தரச் சிக்கலாகக் கருதுவதைவிடத் தீவிபத்து அபாயமாகக் கருதுவதே முறை. அவ்வப்போது எழும் கரகரப்பும் ஒளிவிளக்கின் சிமிட்டலும் அந்த அபாயத்தின் முன்னறிவிப்புகள்.

இனி எர்த் கம்பிக்கு வரலாம். ஹைதராபாத் வட்டாரம் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கருங்கல் பாறையின்மேல் அமர்ந்திருக்கிறது. பல இடங்களில் மண்ணின் ஆழம் குறைவு, கோடையில் அந்த மண்ணும் காய்ந்துவிடுகிறது. மின்சாரம் மண்ணுக்குள் எளிதாக இறங்க ஈரம் வேண்டும் என்பதால், உப்பும் கரியும் இட்டுத் தோண்டிய எர்த் குழிகள் நீரூற்றிப் பராமரிக்கப்படாவிட்டால் இத்தகைய நிலத்தில் விரைவில் பயனிழக்கின்றன. இதனால் ஒலியின் தரம் கெடுகிறது என்று பலரும் கருதிக் குழியைப் புதுப்பிக்கிறார்கள். குழியைப் புதுப்பிப்பது உயிர்ப் பாதுகாப்புக்கு மிகவும் தேவையானது. ஆனால் ஒலிபெருக்கியிலிருந்து எழும் ஊமென்ற ரீங்காரம் அதனால் பெரும்பாலும் நிற்பதில்லை. ரீங்காரத்துக்கு வேண்டியது மண்ணுக்கும் கருவிக்கும் இடையிலான வேறுபாடு அன்று, ஒரு கருவிக்கும் மற்றொரு கருவிக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடே. கணினி ஒரு சுவரிலும் ஆம்பிளிஃபயர் எதிர்ச் சுவரிலும் செருகப்பட்டிருக்க, இரண்டையும் ஒரு சமிக்ஞைக் கம்பி இணைத்தால், இரு சாக்கெட்டுகளின் எர்த் கம்பிகளும் சமிக்ஞைக் கம்பியின் மேலுறையும் சேர்ந்து ஒரு மூடிய வளையமாகின்றன. பொறியாளர்கள் இதை எர்த் வளையம் என்கிறார்கள். அறையிலுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலமும், கருவிகளின் கசிவு மின்னோட்டமும் இந்த வளையத்தில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைச் சுற்ற வைக்கின்றன. மேலுறையின் மின்தடை 0.1 ஓம், சுற்றும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் 1 மில்லி வோல்ட் ரீங்காரம் இசையோடு கலக்கிறது. இசையின் உச்சம் 1 வோல்ட் என்றால் இது அதற்கு 60 டெசிபல் கீழேதான். எனினும் வீணையின் நாதம் தேய்ந்து அடங்கும் தருணத்தில் காதுக்குத் தெளிவாகப் பிடிபடும்.

இங்கேதான் பலர் எதிர்பாராத ஒரு முடிவு கிடைக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் சுவர் சாக்கெட் தருவதே உயர்வு என்று தோன்றினாலும், தரமான ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கணினி, வட்டு இயக்கி, ஆம்பிளிஃபயர் மூன்றையும் செருகுவதே எர்த் வளையத்தைச் சிறுக்கச் செய்து ரீங்காரத்தைக் குறைக்கிறது. ஒலியமைப்பு முழுவதும் இழுக்கும் மின்னோட்டம் 6 ஆம்பியருக்குள் அடங்குவதால் பெரும்பாலான வீடுகளில் இதற்குத் தடையும் இல்லை. அதாவது அடாப்டர் ஒலியைக் கெடுக்கும் என்னும் அச்சத்துக்கு மாறாக, ஒழுங்கான அடாப்டர் ஒலியைச் சீராக்கவும் கூடும். கேபிள் டி.வி. கம்பியோ கூரையிலுள்ள டிஷ் கம்பியோ வேறோர் எர்த்தைக் கொண்டுவந்து வளையத்தை மீண்டும் உண்டாக்கலாம். அந்தக் கம்பியைக் கழற்றியவுடன் ரீங்காரம் நின்றால் காரணம் அதுவே என்று உறுதியாகிறது. மின்தொடர்பே இல்லாமல் ஒளியால் சமிக்ஞையைக் கடத்தும் டாஸ்லிங்க் இழை (1983இல் தோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது) இந்த வளையத்தை முற்றிலும் அறுத்துவிடும்.

கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் மின்னூட்டும் சிறு பெட்டி அடாப்டர்களின் கதை வேறு. இவை மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டித் தாழ்த்துபவை. அந்த வெட்டு வேகம் காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்கு மேலே இருந்தாலும், சுமை குறையும்போது சில அடாப்டர்கள் விட்டுவிட்டு இயங்கி அந்த எல்லைக்குள் இறங்கிவிடுகின்றன. சதுரத்துக்குள் சதுரம் என்னும் குறியிட்ட இருமுனை அடாப்டர்களில் எர்த் இல்லை; இரைச்சலை அடக்க உள்ளே வைத்த ஒரு சிறு மின்தேக்கி, கால் மில்லி ஆம்பியருக்கு உட்பட்ட மின்னோட்டத்தைக் கருவியின் உலோக உடலுக்குக் கசிய விடுகிறது. மடிக்கணினியின் உலோகப் பரப்பைத் தடவும்போது உணரும் மெல்லிய சுருக்கென்ற கூச்சம் இதுதான். ஆம்பிளிஃபயருடன் இணைத்தால் அந்தக் கசிவு சமிக்ஞைக் கம்பியின் மேலுறை வழியே வீடு திரும்ப முயன்று சிணுங்கலாக ஒலிக்கிறது. மின்னூட்டும் பெட்டியைக் கழற்றி மடிக்கணினியை அதன் பேட்டரியிலேயே இயக்கிப் பார்ப்பது எளிய சோதனை. சிணுங்கல் மறைந்தால் எர்த் முனை கொண்ட மூன்றுமுனை அடாப்டரோ, இடையில் ஒரு சிறு தனிமைப்படுத்தும் மின்மாற்றியோ அதைத் தீர்க்கும்.

இசைவழிக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது, ஏனெனில் அங்கே தொடுமுனையைக் கடப்பது இசையே. எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சில் மின்தடை 0.1 ஓம் இருந்தாலும், அதை அடுத்துள்ள சுற்று 10,000 ஓம் என்னும் அளவில் இருப்பதால் இழப்பு எண்ணத்தக்கதன்று. தொல்லை மின்தடையில் இல்லை, தொடுமுனைமேல் படரும் படலத்தில் இருக்கிறது. வெள்ளித் தொடுமுனை காற்றிலுள்ள கந்தக வளிமங்களால் கறுக்கிறது; மின்வழியில் ஒவ்வொரு முறையும் பாயும் வலிய மின்னோட்டம் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும், சில மில்லி வோல்ட் இசைக்கு அந்த வலிமை இல்லை. பழைய ஆம்பிளிஃபயரில் ஒரு பக்க ஒலி மங்கி, ஒலியளவைக் கூட்டியதும் சட்டென்று திரும்பி வருவது, உள்ளேயிருக்கும் ஒலிபெருக்கி ரிலேயின் தொடுமுனையில் படலம் ஏறியிருப்பதன் நன்கறியப்பட்ட அறிகுறி. தங்க முலாம் நுண்சமிக்ஞை இணைப்புகளில் பயன்படுவது இதனால்தான். மின்சாரப் பிளக்கில் பூசப்படும் தங்கத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. கிராமபோன் இசைத்தட்டின் ஊசித்தலை தரும் சமிக்ஞை 5 மில்லி வோல்ட் அளவே என்பதாலும், அதை ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்க வேண்டியிருப்பதாலும், அந்த இடத்தில் தேவையற்ற ஓர் இணைப்பியைக்கூடச் சேர்க்காதிருப்பது நல்லது.

ஒரே ஆம்பிளிஃபயரில் இரண்டு மூன்று இணை ஒலிபெருக்கிகளை மாற்றி மாற்றிக் கேட்க உதவும் தேர்வுப் பெட்டியில் உண்மையாகவே கேட்கத்தக்க மாற்றம் நேரலாம். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள பெட்டி, 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 50 மில்லி ஓம் சேர்த்தால் ஒலி 0.05 டெசிபல் குறையும். அதை எவரும் உணர முடியாது. ஆனால் ஆம்பிளிஃபயரைக் காப்பதற்கென 2.5 ஓம் மின்தடையைத் தொடரில் வைத்த பெட்டியாக இருந்தால் கணக்கு வேறு. ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4 ஓமாகவும் வேறிடத்தில் 30 ஓமாகவும் இருக்கும் ஒலிபெருக்கியில் முன்னதில் 4.2 டெசிபலும் பின்னதில் 0.7 டெசிபலும் இழக்கப்படும். மூன்றரை டெசிபல் வேறுபாடு என்பது குரலின் நிறத்தையே மாற்றிவிடும் அளவு. சுவிட்ச் ஒலியைக் கெடுத்தது என்று ஒருவர் சொல்லும்போது அவர் காது பொய் சொல்லவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

சிறிய ஹெட்ஃபோன் இணைப்பிகளும் இவ்வாறே. மூன்று தொடுமுனை பிளக்கையும் நான்கு தொடுமுனை பிளக்கையும் பொருத்தமில்லாமல் இணைக்கும்போது பொதுமுனை துண்டிக்கப்பட்டால், இடம் வலம் இரண்டின் வேறுபாடு மட்டுமே காதுக்கு வருகிறது. இரு பக்கமும் சமமாகப் பதிவான பாடகரின் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறைய, எதிரொலியும் ஓரங்களில் பதிவான வாத்தியங்களும் குகைக்குள்ளிருந்து வருவனபோல் எஞ்சுகின்றன. இடம் வலம் இரண்டு வெளியீடுகளை ஒரே முனையில் சேர்க்கும் ஒய் வடிவ இணைப்பியும் தவறானது, ஏனெனில் இரண்டு வெளியீட்டுச் சுற்றுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளி ஒலியைத் திரிக்கின்றன. நடுவே ஓரிரு மின்தடைகள் வைத்துச் சேர்ப்பதே முறை.

இணையத்திலிருந்து இசை கேட்போரில் சிலர், நெட்வொர்க் சுவிட்சை மாற்றினால் ஒலி தெளிவடையும் என்றும் நம்புகிறார்கள். அந்தப் பெட்டி கடத்துவது எண்களை. ஒவ்வொரு பொட்டலத்தோடும் 32 பிட் சரிபார்ப்பு எண் செல்கிறது, பிழை நேர்ந்தால் பொட்டலம் நிராகரிக்கப்பட்டு மறுபடி கேட்டுப் பெறப்படுகிறது, வந்தவை நினைவகத்தில் காத்திருந்து இசைக்கருவியின் சொந்தக் கடிகாரத்தின்படியே ஒலியாகின்றன. கம்பியின் இரு முனைகளிலும் சிறு மின்மாற்றிகள் மின்தொடர்பைத் துண்டித்தும் விடுகின்றன. உலோக மேலுறையில்லாத சாதாரணக் கம்பியைப் பயன்படுத்தினால் இங்கே கவலைப்பட ஒன்றுமில்லை.

இத்தனை கணக்குக்குப் பிறகும், பிளக்கை மாற்றியதும் வேறுபாடு தெளிவாகக் கேட்டது என்று நேர்மையாகச் சொல்பவர்கள் உண்டு. கேட்டல் காதில் மட்டும் நிகழ்வதன்று. எதை எதிர்பார்க்கிறோம் என்பதும் அதில் கலக்கிறது. 1994இல் ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணால் பார்த்தபடியும் திரைக்குப் பின்னால் மறைத்தும் ஒரே கேட்பவர்களைக் கொண்டு மதிப்பிடச் செய்தபோது, பார்த்தபடி இட்ட மதிப்பெண்களில் கருவியின் தோற்றமும் பெயரும் ஆழமாகக் கலந்திருப்பதைக் காட்டினார்கள். ஆகவே ஐயத்தைத் தீர்க்கும் வழி மறைவுச் சோதனை: இரண்டு அமைப்புகளில் எது இயங்குகிறது என்று கேட்பவருக்குத் தெரியாமல், நாணயம் சுண்டி முடிவுசெய்யும் இன்னொருவர் மாற்ற வேண்டும், இரண்டின் ஒலியளவும் 0.1 டெசிபலுக்குள் சமமாக்கப்பட வேண்டும், ஏனெனில் சற்றே உரத்த ஒலி உரத்ததாகத் தோன்றாமல் தெளிவானதாகத் தோன்றும். 16 முறை கேட்டு 12 முறையோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நிகழ நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. அப்போது வேறுபாடு உண்மை என்று ஏற்கலாம்.

செலவழிக்க மனமுள்ளவர் கவனிக்க வேண்டிய இடம் அறையே. தாண்டூர்க் கல்லோ ஷாபாத் கல்லோ பரப்பிய தரையும், பூசிய வெறுஞ்சுவர்களும் உள்ள 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரக் கூடத்தின் மொத்தப் பரப்பு 94 சதுர மீட்டர். அது தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கை மட்டும் உறிஞ்சுவதாகக் கொண்டால், அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சாபின் 1890களில் வகுத்த வாய்பாட்டின்படி எதிரொலி அடங்க இரண்டரை விநாடி ஆகும். தடித்த திரைச்சீலை, ஜமக்காளம், மெத்தை இருக்கை, புத்தக அலமாரி ஆகியவற்றால் உறிஞ்சும் பரப்பு 18 சதுர மீட்டராக உயர்ந்தால் அது அரை விநாடிக்கு இறங்கிவிடும். எந்த விலையில் எந்த அடாப்டரை வாங்கினாலும் இத்தகைய மாற்றத்தின் அருகில்கூட வர முடியாது.

ரீங்காரத்தை நிறுத்துவதற்காக மூன்றுமுனை பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடுவதும், எர்த் இல்லாத இருமுனை அடாப்டர் வழியே ஆம்பிளிஃபயரைச் செருகுவதும் நம் ஊர்களில் கைக்கொள்ளப்படும் வழக்கம். ரீங்காரம் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு கம்பி அறுந்து உலோக உடலைத் தொட்டால், அந்த 230 வோல்ட் இறங்க எஞ்சியிருக்கும் ஒரே வழி அதைத் தொடுபவரின் உடல். ரீங்காரத்தைத் தீர்க்க ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒளியிழை, தனிமைப்படுத்தும் மின்மாற்றி எனப் பாதுகாப்பான வழிகள் மூன்று இருக்கின்றன. வாசகர்கள் இன்றே தம் வீட்டு ஒலியமைப்பின் பிளக்குகளைச் சோதித்து, எர்த் முனை கழற்றப்பட்டோ தவிர்க்கப்பட்டோ இருப்பவற்றையும், தொட்டால் சூடாக இருக்கும் அடாப்டர்களையும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவற்றால் மாற்றிவிட வேண்டும்.